எந்த அனுமானம்

"இத்தினி நேரம் வாய்க்குள்ள என்னா வெச்சிக்கினு இருந்த, கற்பூரமா?"

முதல் ஞாயிறு கூட்டம் முடிந்து படி இறங்கும்போது பிரேமலதா அக்கா என்னைக் கேட்டது இது. நான் சிரித்ததோடு சரி. ஒன்பதாவதில் எங்கள் தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போய், எல்லாப் பாடமும் தெலுங்கில் நடந்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. திறக்காமலே ஃபெயிலாகிப் பள்ளியை விட்டு நின்றேன். இப்போது திருப்பதியில் வேங்கடாசலம் அண்ணன் தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைக்கிறேன்.

கடைக்கு மேலே ஒரு அறை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே ஆறேழு பேர் பாயில் உட்கார்ந்து கடவுள், சாவு, கர்மம் என்று பேசுவார்கள். நடத்துவது தமிழ்ச்செல்வன் அண்ணன். அரக்கோணத்துக்காரர், ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. யாரோ ஒருமுறை பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டதால் ஒரு விதி வைத்திருந்தார். போன் கீழே கடையில் இருக்க வேண்டும், யாரும் எதுவும் எழுதக் கூடாது, மீறினால் அப்புறம் வர வேண்டியதில்லை.

நான் வீட்டுக்குப் போய் எழுதிவிடுவேன். நோட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பேன்.

ஒரு ஞாயிறு, ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்று பேச்சு வந்தது. மூன்று வழி என்றார் தமிழ்ச்செல்வன் அண்ணன். கண்ணால் பார்ப்பது ஒன்று. புகையை வைத்து நெருப்பு இருக்கிறது என்று சொல்வது அனுமானம். நம்புகிறவர் சொல்லக் கேட்பது மூன்றாவது. அளவு எடுக்காமல் துணி வெட்டுகிற கடவுளை எந்த வழியில் பிடிப்பது என்று வேங்கடாசலம் அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிரேமலதா அக்கா மட்டும் சிரிக்காமல் தன் பையனைப் பற்றிச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சித்தூரில் இருந்தார்கள். நாலு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் முற்றி, அக்காவின் கணவர் ரவி அண்ணன் அவனை வாடகைக் காரில் திருப்பதிக்குத் தூக்கி வந்தார். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலையில் இருந்த அக்கா பின்னால் பஸ்ஸில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூங்கிக்கொண்டே போய்விட்டான் என்று ரவி அண்ணன் சொன்னாராம்.

"நானும் மொகத்த பாத்தேன். தூங்கறாப்புலதான் இருந்துச்சி. அத வெச்சி நோவாமதான் போயிருப்பான்னு எனக்கு அனுமானம்," என்றார் அக்கா.

அன்று நோட்டில் எழுதினேன்: 'குழந்தை நோகாமல் போனது என்பது ரவி அண்ணன் சொல். பிரேமலதா அக்காவுக்கு அனுமானம்.' மூன்றில் இரண்டு வழி ஒரே வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அடியில் கோடும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு வீட்டில் வெள்ளையடித்தார்கள். சாமி படங்களைக் கழற்றியதால் நோட்டைச் சணல் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். லட்டு வாங்கும்போது கொடுக்கிற பை, திருப்பதியில் எல்லோர் வீட்டிலும் இருப்பது. செருப்பு விடுகிற இடத்தில் வைத்திருந்தேன். லேத் பட்டறை ஷிஃப்ட் முடித்து அக்காவைக் கூப்பிட வந்த ரவி அண்ணன் அதே மாதிரியான தன் பையை அங்கே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையில் இருந்தது டிபன் பாக்ஸ். மூடியில் 'ரவி' என்று ஆணியால் கீறியிருந்தது.

பாக்ஸைக் கழுவித் துடைத்து வைத்தேன். ரேணிகுண்டாவில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். கொடுத்துவிட்டு நோட்டை வாங்கி வரலாம். வாங்கினால் எழுதியது நான் என்று ஆகிவிடும். வாரத்தில் மனிதர்களோடு நான் உட்காருகிற இடம் அந்த ஞாயிறு கூட்டம் ஒன்றுதான். போகவில்லை.

புதன்கிழமை கடைக்கு வந்த ஒரு பெண் வேங்கடாசலம் அண்ணனிடம் தெலுங்கில் குறைபட்டுக்கொண்டிருந்தார். புருஷனுக்குத் தன்மேல் எப்போதும் அனுமானமாம், போனைக்கூடப் பிடுங்கிப் பார்க்கிறானாம். என் விரலில் ஊசி ஏறியது. பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். தெலுங்கில் அனுமானம் என்றால் சந்தேகம். புதிதாகக் கற்றது வந்து பழையதை மறைத்திருக்கிறது. ரவி அண்ணன் படித்தது தெலுங்கு மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்று அக்கா கேலி செய்வார். அந்த மெதுவான படிப்பை நம்பிக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன்.

ஞாயிறு அன்று ரவி அண்ணன் அக்காவோடு மேலே வந்து பாயில் உட்கார்ந்தார். சட்டைக்குள் நோட்டின் நீல அட்டை தெரிந்தது. ஷேவ் செய்திருக்கவில்லை. நானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ரவி அண்ணன் முந்திக்கொண்டார்.

"சார், அனுமானம் தப்பா?" என்று தமிழ்ச்செல்வன் அண்ணனைக் கேட்டார்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "தப்பே இல்லண்ணே. எல்லாருக்கும் இருக்கணும். அது இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது."

ரவி அண்ணன் தலையாட்டினார். அக்கா பக்கம் திரும்பினார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். டிபன் பாக்ஸை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷமா எம்மேல அனுமானம் வெச்சிக்கினுதான் சோறு போட்டியா, லதா? வாயத் தெறந்து கேட்டிருக்கலாமே."

"எந்த அனுமானம்?" என்றார் அக்கா.

"அவன் தூங்கிக்கினு போவல. சந்திரகிரி வரைக்கும் அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கினே வந்தான். பின்னாடி பஸ்ல வருதுடான்னேன். திரும்பித் திரும்பிக் கண்ணாடியில பாத்தான்."

டிபன் பாக்ஸை மடியிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தேன்.

"அண்ணா," என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் சொல். "அந்த நோட்டு என்னுது. அது தெலுங்கு அனுமானம் இல்லண்ணா. இங்க சொல்லிக் குடுத்தது. அக்கா உங்கள நம்பித்தான் சொன்னாங்க."

ரவி அண்ணன் நோட்டை எடுத்தார். கோடு போட்ட வரியை விரல் வைத்து மறுபடி எழுத்துக் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பொ இவளுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

பிரேமலதா அக்கா எழுந்தார். என்னைத் தாண்டும்போது அவர் புடவை என் முழங்காலில் பட்டது. படியிறங்கி, கடையில் வைத்திருந்த போனைக்கூட எடுக்காமல், தெருவில் இறங்கி நடந்தார்.