தங்கச்செல்வி மில் அணிக்கு மூன்றாவது ஆள்

கால்பந்தாட்டத்தை முழுமையாக அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் பிரேசிலில் இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த நாட்டில் ஒருவராவது இருந்துதான் ஆக வேண்டும் என்பதால் சொல்கிறேன். இன்னொருவன் நான். ராம்குமார், பி.காம். இரண்டாம் ஆண்டு, அருப்புக்கோட்டை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எடைக்கல்லில் இரண்டு கிலோ என்று எழுதியிருப்பதைப் போல ஒரு தகவல், அவ்வளவுதான்.

நான் பந்தை உதைத்தது கிடையாது. அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். செருப்பு ஒரு வருஷம் உழைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் பார்ப்பதில் நான் குறை வைத்ததில்லை. தங்கச்செல்வி மில் அணி ஆடிய ஆட்டம் ஒன்றையும் ஆறு வருஷமாக விட்டதில்லை.

தங்கச்செல்வி என்பது முதலாளியின் மகள். மகள் பெயரில் பந்தல்குடி ரோட்டில் நூல் மில், மில் பெயரில் கால்பந்து அணி. அணியில் இடம் கிடைத்தால் மில்லில் நிரந்தர வேலை. காலையில் டைம் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் பந்து உதைக்கலாம், மாதம் பிறந்தால் சம்பளம். அதனால் ஆனி மாதம் மூன்று புது ஆட்களை எடுக்கும்போது திருச்சுழி, மல்லாங்கிணறு, வீரசோழன் பக்கமிருந்து நாற்பது ஐம்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் தேர்வு ஆட்டம் நடக்கும். முடிந்ததும் மேனேஜர் பால்சாமி அண்ணாச்சி ஒரு நீள நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். நேராக இருளப்பசாமி கோயில். அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். ஆளை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆள் அணியில் இருக்கிறான். சிவப்பு வந்தால் அவனுக்கு ஊருக்குப் பஸ் இருக்கிறது. எங்கள் பக்கம் பெண் எடுக்க, கிணறு வெட்ட, வழக்குப் போட எல்லாம் இப்படிக் கேட்பார்கள். சென்டர் பார்வர்டுக்குக் கேட்டவர் பால்சாமி அண்ணாச்சி ஒருவர்தான்.

தொண்ணூறாம் வருஷம் இரண்டு பேரை எடுத்து முடித்ததும், இனியும் பேசாமல் இருப்பது ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குப் பட்டது. ஒரு முழுத்தாளில் மதிப்பீடு எழுதி, பொன்னுத்தாய் டீக்கடைச் சுவரில் பசை போட்டு ஒட்டினேன். அது இப்படிப் போயிற்று:

“சின்னத்துரை, பின் ஆட்டம். இவர் தேர்வுக்கு வந்தவர் அல்லர். தேர்வுக்கு வந்த தம்பிக்குத் துணையாக வந்தவர். ஆள் குறைந்ததால் இறக்கப்பட்டார். பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு. பத்துக்கு ஒன்று.

“ஜெயக்குமார், நடு ஆட்டம். அடிப்படையில் கபடிக்காரர். நடுக்கோட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், திரும்பி வந்துதான் விடுகிறார். பத்துக்கு இரண்டு. அதில் ஒன்று மூச்சுக்கு.

“தேர்வுக் குழு: இருளப்பசாமி. பத்துக்குப் பூஜ்யம். சாமிக்கு ஆப்சைடு தெரியாது என்பதை ஒத்துக்கொள்வதில் யாருக்கும் அவமானம் இல்லை. மேனேஜர் நெற்றியில் திருநீறு இருக்கிறது. அதற்கு உள்பக்கம் என்ன இருக்கிறது என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.”

மறு ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் அணியோடு ஆட்டம். எதிராளி பந்தோடு பாய்ந்து வந்தான். சின்னத்துரை மரியாதையாக ஒதுங்கினார். மோதுவதற்குத் தயாராக வந்தவன் மோத ஆள் இல்லாமல் தடுமாறி விழுந்தான். பந்து ஜெயக்குமாரிடம் போனது. அவர் மூச்சைப் பிடித்தார், ஓடினார், கோல் போட்டார், திரும்பி வந்து மூச்சை விட்டார். இதே மாதிரி இன்னொரு தடவையும் நடந்தது. இரண்டுக்குப் பூஜ்யம், நாங்கள் ஜெயித்தோம். என் கணக்குப்படி இது நடந்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நடந்திருக்கக் கூடாது என்றுதான் வந்தது.

புதன்கிழமை பால்சாமி அண்ணாச்சி எங்கள் கடைக்கு வந்தார். அப்பாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ஏப்பா ராம்குமாரு, எழுத்து நல்லாருக்கு.”

“அண்ணாச்சி, அது சும்மா ஒரு இதுக்கு...”

“முதலாளி படிச்சாக. மொதல்ல சிரிச்சாக. பொறவு சிரிக்கல. ‘இம்புட்டு வெவரமான பையன் ஊருக்குள்ள இருக்கையில நீ எதுக்குய்யா கோயிலுக்குப் போற’ன்னு என்னையக் கேட்டாக. மூணாவது ஆள நீதான் எடுக்கணுமாம். திங்கக்கிழம பத்து மணிக்குள்ள பேரு வேணும். காரணமும் எழுதணும்.”

நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா யூரியா மூட்டைக்குப் பின்னாலிருந்து என்னை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“யாரு யாரு பாக்கி?”

“ரெண்டே பேரு. ரெண்டும் முன் ஆட்டம். ஒண்ணு மல்லாங்கிணறு ரத்தினம். இன்னொண்ணு ஒங்கூட்டாளி ஜெயபாண்டி.”

“நீங்க யாருன்னு நெனைக்கிறீக?”

“நான் எங்க நெனைக்கிறேன்ப்பா? நான் பூவுல பாக்குற ஆளு” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டு கக்கத்தில் இருந்தது.

ஜெயபாண்டி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு வருஷமாக வானம் பார்த்த நிலத்தில் பருத்தி முழங்காலுக்கு மேல் வரவில்லை. மில் வேலை கிடைக்கவில்லை என்றால் மகாராஷ்டிரத்தில், நாந்தேடில் முறுக்குக்கடை வைத்திருக்கும் தாய்மாமாவிடம் போய்விட வேண்டும் என்று அவன் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த புதன்கிழமைக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த வருஷம் என்ற பேச்சே இல்லை.

“ஏலே, டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரவா?” என்றான்.

“மார்க் போட்டுத்தாம்லே சொல்லுவேன்.”

“போடு. வேண்டாம்னா சொன்னேன்? போன வருசம் அரளிப்பூ என்னைய வேண்டாம்னுருச்சு. ஏன்னு பூவுகிட்டக் கேக்க முடியுமா? நீ ஆட்டத்தப் பாத்துச் சொல்லு. கெடைக்கலன்னாலும் எதுல விட்டேன்னு ஒரு காரணம் சொல்லிரு. அத நெனச்சுக்கிட்டே முறுக்குப் புழிஞ்சுக்கிட்டு இருந்துருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கண்மாய்க்குள் வரவழைத்தேன். பத்துத் தலைப்பு, தலைப்புக்குப் பத்து மார்க். முதல் தாளில் விதிமுறைகள், இரண்டாம் தாளில் மார்க், கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். பிரேசில்காரர் பார்த்தால் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஜெயபாண்டி உதைத்தால் பந்து போய்க்கொண்டே இருக்கும். கோல் எந்தப் பக்கம் என்பது அவனுக்கு முக்கியமில்லை. இரண்டு தடவை கருவேல முள்ளில் விழுந்து பஞ்சர். ரத்தினம் அப்படியில்லை. பந்தை அளந்து வைத்தது போலக் கொடுப்பான், ஆள் இல்லாத இடத்துக்கு. அங்கே ஒருவன் நின்றிருந்தால் கட்டாயம் கோல். இருவருக்கும் இடது கால் நிற்பதற்கு மட்டும். நன்றாக நின்றதால் ஆளுக்கு நாலு போட்டேன்.

கூட்டிப் பார்த்தேன். ஜெயபாண்டி அறுபத்து நாலு. ரத்தினம் அறுபத்து நாலு.

இன்னும் ஒரு மணி நேரம் ஆடச் சொன்னேன். அறுபத்தொன்று, அறுபத்தொன்று. ஆட ஆட இரண்டு பேரும் சேர்ந்தே மோசமானார்கள். ‘குணம்’ என்று புதுத் தலைப்பு ஒன்று போட்டேன். ரத்தினத்தின் பூட்ஸ் வாய் பிளந்துவிட, ஜெயபாண்டி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். சரி, இத்தோடு முடிந்தது என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் ரத்தினம் ஜெயபாண்டி அடித்த பந்துக்காக முள்ளுக்குள் புகுந்து, காதில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே வந்தான். தலைப்பை அடித்துவிட்டேன். பழைய அறுபத்து நாலே இருக்கட்டும் என்று விட்டேன்.

ரத்தினத்தை மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நீங்க எழுதுனதப் படிச்சேன். நாலு தடவ படிச்சேன்.”

“சும்மா எழுதுனதுப்பா.”

“எனக்கும் போன வருசம் செகப்புத்தாண்ணே. நான் ஆடுனத யாருமே பாக்கலன்னு இருந்துச்சு. இந்தத் தடவ வெவரம் தெரிஞ்சவுக பாக்குறீக. கெடைக்குது, கெடைக்கல, அது வேற. நிம்மதியா இருக்குண்ணே.”

பஸ் வந்தது. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அவன் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று விளங்கவில்லை. சொல்லாமல் போயிருந்தால் அந்நேரமே ஜெயபாண்டி பெயரை எழுதி முடித்திருப்பேன்.

வீட்டுக்குப் போய் ஜெயபாண்டி என்று எழுதினேன். காரணக் கட்டத்தில் எழுத ஒன்றும் வரவில்லை. ‘கூட்டாளி’ என்று எழுத முடியாது. அடித்துவிட்டு ரத்தினம் என்று எழுதினேன். காரணக் கட்டத்தில் முறுக்கு நாழிதான் தெரிந்தது. அதையும் அடித்தேன். பிரேசிலில் இருப்பவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று யோசித்தேன். அவருக்கு ஜெயபாண்டியைத் தெரியாது. அந்த மனுஷனுக்கு இருக்கும் சௌகரியம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் சைக்கிளை எடுத்தேன். மில்லுக்குத்தான் கிளம்பினேன். சைக்கிள் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பியது. காற்று வாங்கலாம் என்று இருந்திருக்கும்.

இருளப்பசாமி கோயிலில் பூசாரி வீரபத்திரன் மட்டும் இருந்தார். வாசலைத் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பால்சாமி வரலையா?”

“இல்ல. நான் சும்மா வந்தேன்.”

“சும்மா வாரவன் கையில எதுக்கு அரளி?”

கையைப் பார்த்தேன். வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. வழியில் மில் காலனி வேலியோரம் சைக்கிளை நிறுத்தியது ஞாபகம் இருந்தது. எதற்கு நிறுத்தினேன் என்பது ஞாபகம் இல்லை.

“மடிக்கக் காயிதம் இருக்கா? எல தீந்துபோச்சு.”

என்னிடம் மதிப்பீடுதான் இருந்தது. விதிமுறைத் தாளை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தேன். பூசாரி பூவுக்குப் பாதியாக மடித்து நூல் சுற்றினார்.

“வெள்ளை ஜெயபாண்டிக்கு, சிவப்பு ரத்தினத்துக்கு” என்றேன்.

“அப்பிடியெல்லாம் ஆளுக்கு ஒரு பூ வைக்கக் கூடாதுப்பா. சாமி ஆமா, இல்லன்னு ரெண்டுதான் சொல்லும். ஒரு ஆள மட்டும் மனசுல நெனச்சுக்க. வெள்ளன்னா அவன், செகப்புன்னா மத்தவன்.”

“யாரை நெனைக்க?”

“அதைத்தான் பால்சாமியும் வருசா வருசம் கேப்பாரு” என்றார் பூசாரி. “நோட்டு நெறய மார்க்கு. கூட்டிக் கழிச்சு, அடிச்சு எழுதி, ஒரே நம்பருல வந்து நிக்கும். அப்புறந்தான் இங்கன வருவாரு. தகராறு இல்லாத ஆளுக்கெல்லாம் அவரு பூவே கேக்க மாட்டாரு.”

நான் அந்த நோட்டை இத்தனை வருஷமாகக் கக்கத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

“கண்ண மூடு” என்றார்.

மூடினேன். ஜெயபாண்டியை நினைத்தேன். கெட்டியாகவே நினைத்தேன். ஜெயபாண்டி பந்தை உதைத்தான், பந்து முள்ளுக்குள் போனது. அதை எடுத்துக்கொண்டு காதில் ரத்தத்தோடு ரத்தினம் வெளியே வந்தான். அந்நேரம் பார்த்துப் பூசாரியின் கைக்காப்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டார்.

நூலைப் பிரித்தார். வெள்ளை.

“உத்தரவாயிருச்சு. யார நெனச்ச?”

ஜெயபாண்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ரத்தினத்தை” என்றேன்.

அதைக் கேட்டு அதிகம் குழம்பியது நான்தான். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். சாமி என்ன ரேடியோவா, திரும்பத் திரும்பத் திருகுவதற்கு என்றார் பூசாரி. திருநீறு கொடுத்துவிட்டு வாசலைத் தெளிக்கப் போனார்.

படியில் உட்கார்ந்து மார்க் தாளை முழங்காலில் விரித்தேன். இடது கால் என்ற தலைப்பில் ரத்தினத்துக்கு நேரே இருந்த நாலை ஐந்தாக்கினேன். அறுபத்தைந்து. காரணக் கட்டத்தில் ‘இடது கால்’ என்று, நாந்தேடு வரைக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினேன். நெற்றியிலிருந்த திருநீற்றை, ரோடு வருவதற்கு முன்னால், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.