பாயிஸாவின் வோட்டு

தெல்தெனியச் சந்தியில் தாஸிமின் பலசரக்குக் கடையில் காலை வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தவர், வாசலில் மோட்டார்க் கார் வந்து நின்றதும் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். எழமாட்டாரா பின்னே! வந்திருப்பது பச்சைப் பெட்டிக்காரரின் ஏஜண்ட் பெரியதம்பி ஆயிற்றே.

அது 1931ஆம் வருஷம். இலங்கையில் ஆண், பெண் எல்லோருக்கும் வோட்டு என்று சட்டம் வந்த புதிது. எழுத்துத் தெரியாதவர்களும் வோட்டுப் போட வசதியாக, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். பச்சைப் பெட்டிக்காரருக்குக் கண்டியில் கடைகடையாகச் சொத்து. மனுஷன் பணத்தைத் தண்ணீராக இறைத்தார்.

"நானா, ஒங்க வீட்டுல எத்தன வோட்டு?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் பெரியதம்பி.

"ரெண்டு. ரெண்டும் பச்சைக்குத்தான், போங்க!"

பள்ளிவாசல் சந்தாவுக்கு வீட்டுக்கு ஒரு பேர், அதுவும் ஆண்பிள்ளையின் பேர், சொல்லிப் பழகிய வாய் அது. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெரியதம்பி பச்சைப் பட்டுச் சேலை ஒன்றை மேசையில் வைத்தான். "அக்காவுக்கு. வோட்டு அன்னைக்குத் திரை போட்ட காரும் வரும்."

மத்தியானம் வீட்டில் அவர் மனைவி பாயிஸா சேலையை விரித்துப் பார்த்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. எதற்காகத் தந்தது என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்ட வோட்டக் குடுக்க நீங்க யாரு?"

"அதுக்கென்ன புள்ள? சேலய எடுத்துக்கோ. உள்ளுக்குப் போய் ஒனக்குப் புடிச்ச பொட்டில போடு. ஆரு பாக்கப் போறா?"

"வாங்கிட்டு ஏமாத்தச் செல்லித் தாறீங்களா? ஆரும் பாக்காட்டியும் அல்லாஹ் பாப்பான்." சேலையை மடித்து அலுமாரியில் தனியாக வைத்தாள். "மழைல ஒடஞ்ச பாலத்தக் கட்டித் தாங்கண்டு நாளைக்கு அவருக்கிட்டப் போவீங்க. 'ஒங்கட வோட்டுக்கு அப்பவே வெல தந்துட்டேனே'ண்டு செல்லுவாரு. அப்ப வாயத் தொறக்க ஏலுமா ஒங்களுக்கு?"

தாஸிம் சோறுகூடத் தின்னாமல் கோபமாகக் கடைக்குத் திரும்பினார். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் மாட்டு வண்டிகள் நிற்க, அவருடைய அரிசி மூட்டைகள் கூலியாட்களின் தலையில்தான் வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபிறகு கோபத்தை யார்மேல் காட்டுவது?

வோட்டு நாள் காலையில் திரை போட்ட கார் வாசலுக்கு வந்துவிட்டது. பாயிஸா முக்காட்டைச் சரிசெய்தாள், குடையை விரித்தாள், அடுத்த வீட்டு ரத்தினம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக! அந்த வீட்டுப் பெண் எவளும் அதுவரை அப்படிப் போனதில்லை. தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

தாஸிம் ஒரு கணம் தயங்கினார். பிறகு அலுமாரியிலிருந்த சேலையை எடுத்துவந்து கார் சீட்டில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று நடந்து மனைவியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். குடைக்குள்ளிருந்து பாயிஸா சிரித்தாளே, அந்தச் சிரிப்பில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வோட்டுச் சாவடிக்குள் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். நடையில் ஒரு மிடுக்கு! வெளியே காத்திருந்த பெரியதம்பி தாஸிமை மறித்தான்.

"என்ன நானா, சேலையத் திருப்பிட்டீங்க? அக்கா எந்தப் பெட்டில போட்டாங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி தாஸிம் சொன்னார்:

"நான் கேக்கல்ல தம்பி. அது அவட வோட்டு. வோட்ட வித்தா, கேள்வி கேக்குற வாயையும் சேத்துத்தான் விக்கணும். எங்கட ஊட்டுல ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. அது விக்கிறதுக்கில்ல!"