பிளாரன்ஸ் இறங்கவில்லை

பிளாரன்ஸ் தரையை விட்டு எழும்பிய அன்று அந்த அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. மின்விசிறி ஓடாததால் ஊழியர்கள் எல்லாரும் முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. முதலில் அவளுடைய குதிகால் உயர்ந்தது. யாரையோ எட்டிப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். பிறகு விரல்களும் மண்ணை விட்டன. ஓட்டுக்கூரை உயரத்தில் சற்றுத் தயங்கியவள் அங்கே நிற்காமல் தென்னை உயரத்துக்குப் போய் நின்றாள். மரத்திலிருந்த காகங்கள் வேறு கிளைக்கு மாறின. எழுத்தர் ஒருவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இப்போதாவது மனுவை வாங்கிக்கொள்ளலாமா என்று அதிகாரி ஆறுமுகநயினாரிடம் கேட்டார்.

மனுவில் ஒரே கோரிக்கைதான் இருந்தது. போன மார்கழியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன 'செபமாலை மாதா' என்ற தோணி திரும்பி வரவில்லை. அதை ஓட்டிப்போன தண்டல், பிளாரன்ஸின் கணவன் ஆன்டனி. அவனோடு போன ஆறு பேரும் வரவில்லை. தண்டல் குடித்துவிட்டுத் திசை தப்பியதால் தோணி மூழ்கியது என்று தோணி முதலாளி மகாராஜன் சொன்னார். தோணி விவகாரங்களைக் கவனிக்கும் அந்த அலுவலகம் அதையே ஒரு வரியாக எழுதிக் கோப்பை மூடிவிட்டது. அந்த வரிக்குப் பிறகு திரேஸ்புரத்தில் ஆறு வீடுகள் ஏழாவது வீட்டோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன. கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைத்தபோது ஆறு பெயர்கள் உரக்கவும் ஆன்டனியின் பெயர் மெல்லவும் வாசிக்கப்பட்டன. புறப்படும்முன் ஆன்டனி போனில் சொன்னது பிளாரன்ஸுக்கு மட்டும் தெரியும்: வெங்காயத்துக்கு மேலே ஜல்லி மூட்டை ஏற்றுகிறார்கள், பாரம் இவ்வளவுதான் என்று விலாவில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது, முதலாளியிடம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை அழிக்க வேண்டும், ஏன் மூழ்கியது என்று விசாரிக்க வேண்டும் என்பதுதான் மனு. ஆறுமுகநயினார் அதைத் தொடாமலே பதில் சொன்னார். "விமானம் விழுந்தா விசாரிப்பாங்கம்மா. தோணி முங்கினா கடல்தான் காரணம். அதுக்கெல்லாம் யாரு விசாரணை வைக்கா?" அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் எழும்பிவிட்டாள்.

இதற்குக் காரணமான புத்தகங்கள் கழிவுத்தாளோடு வந்தவை. காகித ஆலைகளுக்காக வெளிநாட்டுக் கழிவுத்தாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராக இறங்குவது வழக்கம். அப்படி வந்த கட்டு ஒன்று லாரியிலிருந்து விழுந்து பிரிந்தபோது, பழைய பேப்பர் கடை லிங்கராஜ் அதை எடைக்கு வாங்கினார். எங்கோ இழுத்து மூடப்பட்ட ஒரு விமானப் பிரியர் சங்கத்தின் நூலகம் முழுவதும் அதற்குள் இருந்தது. விமானம் உண்டான வரலாறு ஒரு பங்கு. கிளைடர், பலூன், காற்றாடி, பொம்மை விமானம் போன்ற பொழுதுபோக்குகள் ஒரு பங்கு. விமானமும் ரயிலும் கப்பலும் அழிந்த விபத்துகள் ஒரு பங்கு. முதல் இரண்டு வகையும் தராசில் பாதி எடைகூடக் காட்டவில்லை. தராசு பழுது என்று நினைத்து லிங்கராஜ் வேறு தராசு வாங்கினார், அதிலும் அப்படித்தான். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் கேட்டு வருபவர்களுக்கு எடையைப் பார்த்தே பரிந்துரை செய்தார். வரலாறு படித்து முடித்த ஓய்வுபெற்ற தபால்காரர் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நடந்தார். மழைக்காலத்தில் அவர் வேட்டி நனையவில்லை என்பதைத் தவிர அதனால் வேறு பயன் இருந்ததாகத் தெரியவில்லை. கிளைடர் புத்தகத்தை முடித்த உப்பளக் கணக்கர் மின்விசிறியில் தலையை இடித்துக்கொண்டு, "கொஞ்சம் கனமா ஏதாவது குடுங்க அண்ணாச்சி" என்று திரும்பி வந்தார். அவருக்கு லிங்கராஜ் ஒரு விபத்துப் புத்தகம் கொடுத்தார். பத்துப் பக்கத்தில் கணக்கர் இறங்கினார். நூறாவது பக்கத்தில் வீட்டு முற்றத்து மணலில் கணுக்கால் வரை புதைந்தார்.

அதன் பிறகு விபத்துப் புத்தகங்களை யாரும் கேட்கவில்லை. கடலுக்குப் போகும் வீடுகளில் அவற்றை வாசல்படி தாண்ட விடுவதே இல்லை. பிளாரன்ஸ் பொட்டலக் கவர் ஒட்டி விற்பவள். அதற்கான தாளை லிங்கராஜிடம்தான் வாங்குவாள். விபத்துக் கட்டுகளில் ஒன்றை அவளிடம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "கிழிச்சி கவர் ஒட்டிக்கிடு. விழுந்த கதையெல்லாம் கடலுக்குப் போற வீட்டுல வைக்கக்கூடாதும்பாவ. நீ படிக்க வேண்டாம்."

"விழுகதுக்கு எங்க வீட்டுல இனி யாரு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

அவள் கிழிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்து, டீச்சரிடம் சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டு, வாசித்தாள். மலையில் மோதிய விமானம் ஒன்றின் துண்டுகளை ஆட்கள் கோணியில் பொறுக்கி வந்து, ஒரு பெரிய கூடத்தின் தரையில் விமானத்தின் வடிவத்திலேயே அடுக்கிப் பார்த்ததை வாசித்தாள். சுண்டுவிரல் அளவு ஆணி ஒன்று எதனால் உடைந்தது என்று நாற்பது பக்கம் எழுதியிருந்ததையும், இறந்துபோன விமானியின் மேல் முதலில் பழி போட்டு, பிறகு அது தவறு என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டதையும் வாசித்தாள். மற்றவர்களை மண்ணுக்குள் அழுத்திய புத்தகங்கள் அவளை அழுத்தவில்லை. ஒவ்வொன்றாக முடிக்க முடிக்க அவளுடைய எடை குறைந்தது. கோபத்தினால் இருக்கலாம் என்று டீச்சர் சொன்னார். உறுதியாகச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

அது கச்சான் காற்றுக் காலம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, அலுவலகத்துக்கு மேலே நின்றவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் தள்ளத் தொடங்கியது. சங்கு குளிக்கிற கிளாட்வின் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கயிற்றை எடுத்து வந்து மேலே வீசினான். பிளாரன்ஸ் அதை இடுப்பில் கட்டிக்கொண்டாள். யார் பிடிப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் ஒரு முறை இருக்கிறது: குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன் மட்டுமே பிடிக்க வேண்டும். தன் சகோதரி தாலியறுப்பதை விரும்பாதவன் கை தளராது என்பது கணக்கு. கயிற்றை எதிலும் கட்டிப்போடுவதும் கூடாது. கிளாட்வின் தன் கையில் கயிற்றை வைத்துக்கொண்டு, "நான் பிடிக்கக்கூடாது கேட்டியளா, சீக்கிரம் யாராவது வாங்க, நான் பாட்டுக்குப் பிடிச்சிட்டு நிக்கேன்" என்று கத்தினான். ஒரு பெண் மேலே போனால் மச்சான் முறைக்கு யார் என்று முற்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது, ஆன்டனியின் தங்கை டயானா மீன் சந்தையிலிருந்து அப்படியே வந்து கயிற்றை வாங்கினாள். இரண்டு பேருக்கும் கல்யாணக் காலத்திலிருந்தே ஒத்துப்போனதில்லை.

"நீ ஏன்ளா பிடிக்க? ஒனக்கும் அவளுக்கும்தான் ஆகாதே" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க அண்ணன் பேரு அவ கையிலதான் இருக்கு. இவள விட்டா அவன் குடிகாரனாவே செத்துருவான்" என்றாள் டயானா. பிறகு மேலே பார்த்து, "மைனி, காலை ஆட்டாம நில்லுங்க. மீன் வெட்டின கை, வழுக்குது" என்றாள்.

காவல் துறை வந்தது. தீயணைப்பு வண்டி ஏணியை நீட்டியது. ஏணி நீண்ட அளவுக்கு அவளும் உயர்ந்தாள். வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்கு இடைஞ்சலா என்று கேட்டார்கள். அந்த உயரத்தில் கொக்குக்கும் அனுமதி தேவையில்லை என்று பதில் வந்தது. விபத்துப் புத்தகம் ஆளைக் கீழே இறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்ட மகாராஜன், லிங்கராஜிடம் ஒரு கட்டை விலைக்கு வாங்கி, ஒலிபெருக்கி வைத்து வாசிக்கச் செய்தார். வாசித்த இளைஞன் முழங்கால் வரை மண்ணில் இறங்கினான். அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிளாரன்ஸ் இன்னும் ஒரு பனை உயரம் போனாள். கடைசியில் மகாராஜனே டயானாவிடம் வந்து, கயிற்றைச் சுண்டி இழுத்தால் அவளுக்கு ஒரு மீன்கடை வைத்துத் தருவதாகச் சொன்னார். "கடைக்கு என்ன பேரு வைக்கட்டும் அண்ணாச்சி? செபமாலை மாதான்னு வைக்கட்டுமா?" என்று டயானா கேட்டாள். அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆடி போனது, ஆவணி போனது. பனையோலைப் பெட்டியில் சோறும் ஃபிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பியும் மேலே போயின. மாலை வகுப்பு அலுவலக மதில் ஓரத்துக்கு மாற்றப்பட்டது; டீச்சர் கரும்பலகையைப் படுக்கப் போட்டு எழுதினார், மேலிருந்து வாசிக்க அதுவே வசதி. டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு 'பிளாரன்ஸ் ஸ்டாப்' என்று டிக்கெட் கொடுத்தார்கள். அவள் இறங்கவில்லை. அந்தோணியார் கோயில் கொடியேற்றம் முடிந்த வாரத்தில், பேசாமல் இருந்த ஆறு வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் லிங்கராஜ் கடைக்கு வந்து, எதையும் சொல்லாமல் விபத்துக் கட்டின் முன்னால் நின்றாள். அவர் மெலிந்த புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் அலுவலகத்துக்கு மேலே பிளாரன்ஸோடு சேர்த்து ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஐந்து கயிறுகளையும் அவரவர் நாத்தனார்கள் பிடித்திருந்தார்கள். ஆறாவது பெண் மூன்று புத்தகம் படித்தும் முழங்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை. தன் கணவன் இறந்ததை அவள் இன்னும் நம்பவில்லை. அவள் அங்கேயே, வேப்பமரத்துக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் நின்றாள். மீதமிருந்த ஒரு வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. அந்த வீட்டுத் தகப்பன் தினமும் வந்து கயிறு பிடிப்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஐப்பசியில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது: மனுதாரரை நேருக்கு நேர் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஆறுமுகநயினார் முற்றத்தில் நின்று, விசாரணை உண்டு, இறங்கி வந்து வாக்குமூலம் கொடு என்றார். "விசாரணை முடிஞ்சா எறங்குதேன் சார். எறங்கினா முடிப்பியளான்னு எனக்குத் தெரியாது" என்றாள் பிளாரன்ஸ். நேருக்கு நேர் என்று உத்தரவில் எழுதியிருந்ததால் வேறு வழி இல்லை. அவர் லிங்கராஜிடம் ஆள் அனுப்பி, தராசில் மிகவும் லேசாக இருந்த பலூன் புத்தகத்தை வாங்கி, அலுவல் நேரத்திலேயே படித்தார். அவருக்கும் கயிறு வேண்டும். அவருடைய மச்சான் வன்னியபெருமாள் ஸ்ரீவைகுண்டத்தில் நெல் விவசாயம் பார்ப்பவர். ஒரு வாய்க்கால் தகராறில் இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தது. அதிகாரியின் மனைவி அழுது போன் செய்த பிறகு மச்சான் வந்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "எங்க அக்காவுக்காகப் பிடிக்கேன் அத்தான். உங்களுக்காகன்னா எப்பவோ விட்டிருப்பேன்" என்றார்.

அதிகாரி பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பினார். முதல் பத்து நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு கேள்விகளைக் கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் எழுதினார். குடிப்பாரா என்று கேட்டபோது, "கரையில குடிப்பாரு, இல்லன்னு சொல்ல மாட்டேன். தோணியில ஏறினா தொட மாட்டாரு" என்றாள். அதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். பிளாரன்ஸ் பழைய துறைமுகத்தின் பக்கம் கையை நீட்டினாள். சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் தோணித்துறை அந்த உயரத்திலிருந்து முழுதாகத் தெரிந்தது. பருவம் திறந்து தோணிகள் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. மற்றத் தோணிகளின் விலாவிலெல்லாம் வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேலே இருந்தது. மகாராஜனின் இரண்டு தோணிகளில் மட்டும் கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. அவற்றின் மேல்தளத்தில், வெங்காய மூட்டைக்கு மேலே, ஆட்கள் இன்னும் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "கோட்டை எண்ணிப் பாருங்க சார்" என்றாள். ஆறுமுகநயினார் வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, அந்த இரண்டு தோணிகளையும் புறப்பட விடாதே என்று போன் செய்யும்படி எழுத்தரிடம் சத்தம் போட்டார். அவர் அந்த அலுவலகத்தில் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

அறிக்கை தை மாதம் வந்தது. அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் தோணி மூழ்கியது, தண்டல் ஆன்டனி மீது குற்றமில்லை என்று அதில் இருந்தது. மகாராஜன் வழக்குக்கு அலைகிறார். பிளாரன்ஸ் அறிக்கையை ஓலைப்பெட்டியில் மேலே வரவழைத்து, ஏழு வீட்டாரும் தெருவும் கேட்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். ஆன்டனியின் பெயர் வந்த இடத்தில் இரண்டு தடவை வாசித்தாள். அதன் பிறகு அவளும் மற்ற நால்வரும் இறங்கினார்கள். டயானா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "இனி என்கூட சண்டை போடலாம் மைனி, கை சும்மாதான் இருக்கு" என்றாள். ஆறாவது பெண் மட்டும் முழங்கால் உயரத்திலேயே வீட்டுக்கு நடந்து போனாள். தெருவில் அவளுக்கு வழிவிட்டார்கள்.

பங்குனியில் இன்னொரு முதலாளியின் தோணி ஒன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. தண்டல் தூங்கிவிட்டான் என்று மறுநாளே செய்தி வந்தது. தண்டலின் மனைவி அலுவலகத்துக்கு மனுவோடு வந்தபோது பிளாரன்ஸும் டயானாவும் கயிற்றோடு வந்திருந்தார்கள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த ஜீப்பை எடுக்கும்படி டிரைவரைக் கூப்பிட்டார். மேலே போகிறவர்களின் செருப்பு விழுந்து கண்ணாடி உடைந்தால் அதற்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.