கயிறு விறைக்கும் வரை

...பெட்டி தரையில் மோதிவிட்டால் என்ன செய்வது, முதலில் ஓடிய நாசிக் ஆசிரியர் தடுக்கி விழுந்து கருவி நொறுங்கியதைப் பார்த்த பிறகும் ஏன் கையைத் தூக்கினோம், மிச்சமிருப்பது ஒரே பலூன், மேகத்தை அளக்கும் ஒரே கருவிப் பெட்டி, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, புழுதிக் காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது... ஆனந்தவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பள்ளி ஆசிரியர்களுக்குப் புயல் பற்றிய நேரடிப் பயிற்சி என்றதும் பெயர் கொடுத்துவிட்டு, தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றபடியே புனே வானிலை மையத்துக்கு வந்திருந்தாள். “இந்த வயசுல பலூன் விடவா போற?” என்று சிரித்தார் கணவர் ஜம்புநாதன். சிரிக்கட்டும், அவருக்கு எப்படித் தெரியும், ஏழாம் வகுப்பு ஷபானா எழுந்து, “மேடம், ஆப்னே தூஃபான் தேக்கா ஹை க்யா?”, நீங்கள் புயலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதும், இவள் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டியதும்? எங்கே பார்ப்பது, இடி இடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் ஒடுங்கிவிடுகிறவள்...

“மின்னல் கிட்ட வர்றதுக்குள்ள விட்டாகணும். பெட்டியப் பிடிச்சுக்கிட்டு பலூன் போற பக்கமே ஓடுங்கம்மா, கயிறு விறைச்சதும் பெட்டிய விடுங்க. நடுவுல நின்னுடாதீங்க,” என்றார் பயிற்சி அதிகாரி கிருஷ்ணஸ்வாமி.

“நிக்க மாட்டேன் சார்.”

சொன்னது தன் குரல்தானா... அதற்குள் பலூனை விட்டுவிட்டார்கள், அது மேலே ஏறாமல் பக்கவாட்டில் பாய்ந்தது, ஓடினாள், பள்ளி நாள்களுக்குப் பிறகு இப்படி ஓடியதில்லை, முட்டி வலிக்கிறது, வலிக்கட்டும், கயிறு இன்னும் தொய்வாகத்தான் இருக்கிறது, இப்போதா, இல்லை, இன்னும் கொஞ்சம், ஐயோ வேலி வருகிறதே, கடைசியாக ஒரு எட்டு... கயிறு விறைத்தது, பெட்டி தானாகவே உள்ளங்கையை விட்டு எழப் பார்த்தது, விட்டாள். தரையைத் தொடவில்லை. வேலியைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, ஏறிக்கொண்டே போய் கறுப்பு மேகத்துக்குள் வெள்ளைப் புள்ளியாக நுழைந்தது. பின்னால் கைதட்டினார்கள், “சிக்னல் வந்துடுச்சு” என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள், மேகத்தின் குளிரும் ஈரமும் எண்களாக வந்து இறங்குகின்றன, அவள் அனுப்பிய பெட்டியிலிருந்து, அவள் கையிலிருந்து போனதிலிருந்து. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, ஷபானாவிடம் சொல்லலாம், பார்த்தேன் என்று மட்டுமல்ல...

தரை அதிர இடி இடித்தது. “உள்ள வாங்கம்மா!” எல்லோரும் ஓடினார்கள். அவள் நடந்தாள், வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள், கைகள் காதுக்குப் போகவேயில்லை. சின்ன வயதில் இடி இடித்தால் அம்மா ஓடி வந்து இவள் காதுகளைப் பொத்துவாளே, அந்த உள்ளங்கைகள் வியர்த்து, நடுநடுங்கி... அப்படியென்றால், அன்று பயந்தது யார்?