கீழ் மண்ணில் ஒரு கலயம்

ஆரியசாலையில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அஸ்திவாரம் தோண்டினோம். கறுப்பும் சிவப்புமாகப் பழங்காலத்துப் பானை ஓடுகள் கிளம்பின. சேதி எப்படியோ சர்க்காருக்கு எட்டி, தொல்பொருள் இலாகாவிலிருந்து சேஷன் என்பவர் வந்து வேலையை நிறுத்திவிட்டார். கொத்தனார்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் ஆட்கள் கரண்டியும் தூரிகையுமாக மனையைச் சுரண்டினார்கள்.

வீடு தாமதமாகிறதே என்று என் வீட்டுக்காரருக்குக் கவலை. என் கவலை வேறு. என் முதல் குழந்தை அந்த மனையில்தான் எங்கோ கிடந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை. எங்கள் குடும்ப வழக்கப்படி புதுக் கலயத்தில் வைத்து வீட்டு மண்ணிலேயே புதைத்தார்கள். பெற்றவளுக்கு முகத்தைக் காட்டமாட்டார்கள். இடத்தையும் சொல்லமாட்டார்கள், ஆணா பெண்ணா என்றும் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் மனசு ஆறாதாம். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் பிள்ளை பெற்றிருக்க வழியில்லை. தெரியாததால்தான் எனக்கு இத்தனை வருஷமாக ஆறவில்லை.

அதனால் தினமும் குழிக்கரையில் போய் நின்றேன். சேஷன் நல்ல மனிதர், கேட்காமலே விளக்குவார். மேல் மண்ணில் எங்கள் அடுப்புச் சாம்பல். அதன் கீழ், முன்பு இங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் துரையின் பீங்கான் துண்டுகள். அதற்கும் கீழே கறுத்த மண். திருவிதாங்கூர் என்ற பேருக்கே முந்தியது என்றார்.

அந்தக் கறுத்த மண்ணில் ஒருநாள் வாய் மூடிய கலயம் ஒன்று தெரிந்தது. சேஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஈமக் கலயம்மா. ரெண்டாயிரம் வருஷமாவது இருக்கும். மியூசியத்துக்கு அனுப்பப் போறேன்."

"எடுக்காதீங்க. அது என் பிள்ளையாக்கும்," என்றேன்.

"இவ்வளவு ஆழத்திலேயா?" என்று இரக்கத்தோடு பார்த்தார். ஆனாலும் இறங்கி, கலயத்துக்கு நேர் மேலே குழியின் பக்கச்சுவரைத் தூரிகையால் துடைத்தார். அந்த இடத்தில் மட்டும் சாம்பல், பீங்கான், கறுப்பு எல்லாம் கலந்து கிடந்தன. எங்கள் காலத்தில் யாரோ மேலேயிருந்து ஆழமாகத் தோண்டி, அதே மண்ணைத் திரும்பத் தள்ளியிருக்கிறார்கள். சேஷனின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

"உங்களோடதுதாம்மா. நான் தொடலே," என்றார்.

"ஆணா பெண்ணான்னு மட்டும் உங்க படிப்புல சொல்ல முடியுமா?"

"இவ்வளவு சின்ன எலும்பிலே தெரியாதும்மா."

எப்போது வந்தாரோ, என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நாய் தோண்டிரப்பிடாதுன்னு நாந்தான் அவ்வளவு ஆழமா வெட்டினேன்," என்றார். குழிக்கரையில் குந்தினார்.

"பொட்டப் பிள்ளையாக்கும். மூக்கு உன்ன மாதிரி."