மடியில் விழுந்த கோலா

தூண்டில் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மாமனாரிடம் அளந்துவைத்திருந்தான் புதுமாப்பிள்ளை. இன்று மனைவியோடு அவருடைய படகில் வந்தாயிற்று. மாமனார் கூடையை நிறைத்துவிட்டார். இவன் தூண்டிலில் ஒரு பொடி மீன்கூடச் சிக்கவில்லை.

அவர் எஞ்சினைப் பார்க்கத் திரும்பிய நேரம், கோலா மீன் ஒன்று இறக்கை விரித்து அலைக்கு மேலே பறந்துவந்து மனைவியின் மடியில் விழுந்தது. அவள் கத்துவதற்குள் அவன் அதைப் பிடுங்கி, அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கோத்துத் தூக்கிவிட்டான்.

“மாமா, மாட்டிக்கிச்சு!”

“அட, கோலாவா! அது தூண்டில்ல சிக்குறது லேசில்லையே!” மாமனார் மகளைப் பார்த்தார். “நீ பாத்தியாம்மா?”

அவள் ஈர மடியைக் கையால் மூடிக்கொண்டாள்.

“பாத்தேன்பா. அவர்தான் பிடிச்சார்.”

மாமனார் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “சும்மா பீத்திக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்! மன்னிச்சுடுங்க மாப்ள.”

அவர் மறுபடி எஞ்சின் பக்கம் போனதும் அவள் தணிந்த குரலில் சொன்னாள்: “அப்பாகிட்ட நான் பொய் சொன்னதே இல்லைங்க.”

அவனுக்குக் காதுமடல்வரை சுட்டது. மீனைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, ஒரு விஷயம் சொல்லணும்” என்று எழுந்தான்.