பன்னிரண்டாவது பூச்சு

மரப் பேனாவுக்குப் பளபளப்பு ஏற்ற எங்கள் மாலை நேர மரக்கடைசல் வகுப்பில் சூப்பர் க்ளூவைத்தான் பூசுகிறோம், பன்னிரண்டு பூச்சு. லேத்தில் மரம் மெதுவாகச் சுற்றும்போது, மடித்த டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். பிறகு காய விட வேண்டும். பூச்சுக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். காய்ந்ததா என்று சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்ப்பேன். எனக்குச் சந்தேகம் வராத பூச்சே கிடையாது. கையுறை போட்டுத் தொட்டால் நம்பிக்கை வருவதில்லை என்பதால் அதையும் ஐந்தாவது பூச்சில் கழற்றிவிட்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு அக்காவுக்குப் பதிவுத் திருமணம். அவள் கையெழுத்துப் போடத்தான் இந்தப் பேனா. இரண்டு மாதம் முன்பு சாப்பிடும்போது அப்பாவிடம் நான் ஒன்று சொல்லிவிட்டேன்: "அவர் எந்த வேலையிலயும் ஆறு மாசம் தாண்ட மாட்டார்ப்பா. அக்கா சம்பளத்துலதான் காலத்த ஓட்டுவார்." அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அப்போது வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்று முதல் அக்கா என்னிடம் பேசுவதெல்லாம் கதவைச் சாத்து, விளக்கை அணை என்ற அளவில்தான். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் முதலில் கேட்டிருந்தாள். அந்தப் பேச்சு அப்புறம் எழவே இல்லை. வேறு யாரிடமாவது சொல்லியாகிவிட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பக்கத்து லேத்தில் பல் டாக்டர். பகலெல்லாம் பல்லைத் தேய்த்துவிட்டு மாலையில் மரத்தைத் தேய்க்க வருகிறவர். நான் நான்காவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தபோது, தன்னிடம் வருகிறவர்கள்கூட நாற்காலியில் இப்படி நெளிய மாட்டார்கள் என்றார். பேனாவை வாங்கிப்போக அக்கா ஏழரைக்கு வருவதாக இருந்தாள். மெருகேற்றவும் நிப்பைப் பொருத்தவும் இன்னும் நேரம் வேண்டும். அந்த அவசரத்தில் பன்னிரண்டாவது பூச்சைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டேன். லேத்தை நிறுத்தி, பேனாவைக் கழற்றி, வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடிபோல இருந்தது. காய்ந்ததா? கட்டை விரலை வைத்தேன். காயவில்லை. எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைத் தடவினால் விரல் உடனே விட்டுவிடும், பளபளப்பும் கரைந்துவிடும். சோப்பும் வெந்நீரும் என்றால் பேனா பிழைக்கும், நேரம் பிடிக்கும். நான் வெந்நீர் என்றேன். "பல்லா இருந்தா இந்நேரம் புடுங்கியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிண்ணம் தேடப் போனார்.

அக்கா வந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், கை கிண்ணத்துக்குள்.

"எங்கடீ பேனா?"

கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். என் கையைப் பிடித்து, பேனாவை மயிரிழை மயிரிழையாக உருட்ட ஆரம்பித்தாள். வீடாக இருந்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போயிருப்பேன்.

"அவர் ரொம்ப வருத்தப்பட்டாராக்கா?"

"அந்த ஆறு மாசத்த அவர் மறக்கவே இல்ல. இந்த வேலையில சேந்து அஞ்சு மாசம் ஆச்சு. காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சிட்டிருக்கார்."

தண்ணீர் ஆறிவிட்டது. டாக்டர் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனார்.

"தப்புதான்க்கா. நீ போயிட்டா வீட்ல நானும் அப்பாவும் மட்டும்தான். அவர்கிட்ட ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்கணும்னு இருந்துச்சு."

அவள் உருட்டுவதை நிறுத்தவில்லை.

விரல் விட்டது. தோலில் கொஞ்சம் பேனாவிலேயே தங்கிவிட்டது, அதைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு. உப்புத்தாளால் தேய்த்து எடுத்து மறுபடி பூச வேண்டும், சரியாக வருமா என்று தெரியாது என்று அவளிடம் சொன்னேன். வேண்டுமானால் இப்படியே கொண்டு போ என்று நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முடிச்சு நீயே கொண்டு வா. பத்தரைக்கு. அடையாள அட்டையும் எடுத்துக்கோ, சாட்சிக்குக் கேப்பாங்க."

அவள் படி இறங்குவதற்குள் உப்புத்தாளை நனைத்துவிட்டேன். வகுப்பு முடிய நாற்பது நிமிடம்தான் இருந்தது.